உள்ள வரட்டா?

"செத்தவனுக்க சத்தத்த வச்சா லைக் வாங்குக?"

பஸ் ஸ்டாப் என்றும் பாராமல் பிபினின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள் பிரீனா.

"பட்டன் போயிரும், விடு பிள்ளே" என்றான் அவன், கடியப்பட்டணம் மீன் ஏலக்காரரின் கரகரப்பில். பிபினுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று உண்டா என்பதே ஊருக்குச் சந்தேகம்.

விஷயம் இதுதான். 'கருநிலாக் கோட்டை' ரெண்டாம் பாகம் வந்திருந்தது. ஜப்பான்காரர்களின் அனிமே, ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனின் கதை. படம் பார்த்த ஊர்க்காரர்கள் என்ன சொல்லுவார்கள் என்று, எல்லார் குரலிலும் தானே பேசி பிபின் ஒரு வீடியோ போட்டிருந்தான்.

ஏலக்காரர் குரலில்: "முதல் பாகம் துடிக்கிற நெய்மீன். ரெண்டாம் பாகம் ஐஸ்ல கெடந்தது. கண்ணப் பாத்தாலே தெரியும்."

கண்டக்டர் குரலில்: "ரெண்டு மணி நேரமா கோட்டைக்குள்ளயே சுத்துகான். எறங்க வேண்டிய எடம் தெரியாதா?"

மறைக்கல்வி டீச்சர் குரலில்: "சிலுவையக் கண்டதும் ஓடுகானே, இவன் நம்ம இளைஞர் இயக்கத்துல இருந்தவனாத்தான் இருக்கும்."

அதுவரை பிரீனாவும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். கடைசியில் அந்த ரத்தப் பிரபு வந்தான். யாராவது அழைத்தால்தான் அவன் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியும். இருட்டில் கதவருகே நின்று மூன்று தட்டு தட்டினான்.

"உள்ள வரட்டா?"

அது சிஜோவின் குரல். ஜலதோஷம் பிடித்ததுபோல், கடைசி எழுத்தை இழுத்து. ஆனி மாதம் வள்ளம் கவிழ்ந்து, கூடப் போனவர்கள் நீந்திக் கரையேற, இன்றுவரை உடல்கூடக் கிடைக்காத சிஜோ.

"அவன் இருக்கும்போதே அவன மாதிரி 'யம்மா, சோறு வை'ன்னு பேசி, அவனுக்க பங்கு மீனத் தின்னவனாக்கும் நான்" என்றான் பிபின்.

"பொறவு இப்பம் ஏன் அந்த வீட்டுப் பக்கம் போறதில்ல?"

பிபின் சட்டைப் பட்டனைத் தடவிப் பார்த்தான்.

"அவனப் பெத்த செல்லபாய் மாமி இதக் கேட்டா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவா. இப்பமே அழி."

அழிப்பதற்காகப் போனை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"பிரீனா, இதப் பாரு."

கமெண்டுகளில் எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்புத் தொப்பி போட்டு வள்ளத்தில் சாய்ந்து நிற்கும் சிஜோவின் படம். பக்கத்தில் சிஜோவின் பெயர்.

'உள்ள வா மக்கா. கதவு தொறந்துதான் கெடக்கு.'

"நீயே போட்டியா?"

"மாதா மேல சத்தியமா நான் இல்ல." முதல்முறையாக அவனுடைய சொந்தக் குரல் வந்தது. மெலிந்த, நடுங்குகிற குரல்.

"அவனுக்க போனு?"

"அவனோட கடல்ல போச்சுல்லா."

கீழே ஆட்கள் கேட்டிருந்தார்கள்: 'இது யாரு? விளையாடாதீங்க.' 'எனக்கு உடம்பெல்லாம் கூசுது.' இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று முளைத்தது.

'ஏன் மக்கா வெளியவே நிக்க?'

பிரீனா காலரை விட்டுவிட்டாள். இது செல்லபாய் மாமியின் கண்ணில் படுவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். விறுவிறுவென்று நடந்தாள். பிபின் பின்னாலேயே வந்தான். அந்த வீடு தெரிந்ததும் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டான்.

"நீ போ. நான் இங்கன நிக்கேன்."

பொழுது அணைந்துகொண்டிருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. கடல் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பதுபோல் மூச்சு விட்டது. செல்லபாயின் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே கன்னங்கரிய இருட்டு. இருட்டின் நடுவே நீலமாய் ஒரு முகம் மட்டும், கழுத்தில்லாமல்.

உள்ளிருந்து சிஜோ கேட்டான்.

"உள்ள வரட்டா?"

பிரீனா படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

"யாரு, பிரீனாவா? வா ஏட்டி" என்றது அந்த நீல முகம்.

செல்லபாய்தான். மடியில் போன், அதில் பிபினின் வீடியோ. அதன் வெளிச்சம்தான் முகத்தில்.

"மாமி... அந்தக் கமெண்டு..."

"நான்தான். மைக்க அமுக்கிப் பேசினா அதுவா எழுதும். இந்தப் போன வாங்கித் தந்து எல்லாம் போட்டுக் குடுத்தது சிஜோதானே. அதான் எது செஞ்சாலும் அவனுக்க பேருல, அவனுக்க படத்தோட வருது. மாத்த எனக்குத் தெரியல்ல."

மாத்த மனமும் இல்லை என்று பிரீனாவுக்குப் பட்டது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, அது ஒரு படம் பத்தின வீடியோ. பேசுகது சிஜோ இல்ல. பிபினாக்கும்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" செல்லபாய் சேலை முந்தியால் போனைத் துடைத்தாள். "சிஜோ மாதிரி பேசிச் சோறு கேப்பானே, அப்பமும் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."

"அப்பம் யார உள்ள கூப்பிட்டிய?"

"எனக்க மவன் ஒருநாளாவது வாசல்ல நின்னு 'உள்ள வரட்டா'ன்னு கேட்டிருக்கானா? செருப்போட அடுக்களைக்குள்ள ஏறுவான். துக்கத்துக்கு ஊரே வந்துட்டுப் போச்சு. ஒருத்தன் மட்டும் இந்தப் படி ஏறாம, தெனம் சாயங்காலம் அந்தத் தென்னைக்கடியில வந்து நின்னுட்டுத் திரும்பிப் போறான்."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். இருட்டில் தென்னை மரத்தடியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏலே பிபினு, உள்ள வா மக்கா. மீன்கறி ஆறுது."