பதினெட்டு நடக்கு

ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் வராத மாரீஸ்வரி போனில் கூப்பிட்டதும் ஹெப்சிபா டீச்சருக்குப் போன உயிர் திரும்பியது.

"ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? பரீட்சை எழுதப் போறியா இல்லையா?"

"எழுதணும் டீச்சர். ஒரு கணக்குல சந்தேகம். ஒருத்தர் வயசு ஒரு பிள்ளை வயசைப்போல ரெண்டு மடங்கு. ரெண்டையும் கூட்டினா அம்பத்தொண்ணு. பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"பிளஸ் டூ படிக்கவ கேக்குற கணக்கா இது! அப்பனும் மகளும்தானே? மக வயசை எக்ஸ்னு வை. அப்பன் வயசு?"

"டூ எக்ஸ்."

"கூட்டினா?"

"த்ரீ எக்ஸ்."

"அது அம்பத்தொண்ணுன்னா, எக்ஸ் எம்புட்டு?"

"நீங்களே சத்தமாச் சொல்லுங்க டீச்சர். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"பதினேழு!"

"பதினெட்டு வராதா டீச்சர்?"

"தலைகீழா நின்னாலும் வராது. பதினேழுதான். ஒன் வயசேதான்ட்டி!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. கூடவே ஒரு பொம்பளையின் குரல்.

"ஏலே பால்சாமி, இங்க வாலே! ஒம் பொண்டாட்டிக்குப் பதினேழுதானாம். பதினெட்டு நடக்குன்னு சொல்லில்லா இவ ஆத்தாக்காரி நம்ம தலையில கட்டிட்டா!"

"மாரி... கல்யாணம் எப்பட்டி?"

"போன புதன்கிழமை. இப்ப சேத்தூர்ல இருக்கேன் டீச்சர்." குரல் தாழ்ந்து அவசரமானது. "இதே விடையை போலீஸ் ஸ்டேஷன்லயும் வந்து சொல்வீங்களா?"

"இப்பமே வாரேன்ட்டி" என்று டீச்சர் சொன்னபோது போன் கட்டாகியிருந்தது.