பவர் ரத்து

"இங்கே ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு," என்று நோட்டரி தாளைத் தள்ளினார். தெல்மிரா இரண்டு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பதினோரு வருஷம் அவள் கட்டிக் காத்த வீடியோ கம்பெனி அத்தோடு அவள் கையை விட்டுப் போனது.

எதிர் நாற்காலியில் கொழுந்தன் ரோமுலோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மிலானுக்கு விமானம். கூடப் போகிறவள் இதே கம்பெனி படம் பிடித்துப் பிரபலமாக்கிய ஒரு பாட்டுக்காரி.

கம்பெனி அவன் அண்ணன் அன்செல்மோ ஆரம்பித்தது. மலைப்பக்கத்து வான்காயோ வட்டாரத்தில் கல்யாணமோ, பெண்ணுக்குப் பதினைந்தாம் பிறந்தநாளோ, ஊர்த் திருவிழாவோ, எதற்கும் அவர்கள் குடும்பப் பெயர் தாங்கிய யாவ்ரி வீடியோதான். நோயில் படுத்தபோது அன்செல்மோ தம்பியை நம்பி எல்லாவற்றையும் அவன் பேருக்கு மாற்றினான். அண்ணியைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்று ரோமுலோ சிலுவையைத் தொட்டுச் சொன்னான்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இது: அண்ணன் செத்த நாற்பதாம் நாள் தன் சார்பில் எதிலும் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு பவர் பத்திரத்தை எழுதி அண்ணி கையில் கொடுத்துவிட்டுத் தலைநகர் லிமாவுக்குப் போனவன், அதற்கப்புறம் கேமராவைத் தொடவே இல்லை. மழையிலும் குளிரிலும் நின்று படம் பிடித்தவள் இவள். படத்தில் பெரிய எழுத்தில் வருவதோ அவன் பெயர்.

இப்போது ஸ்டுடியோவோடு சேர்த்து மொத்தத்தையும் லிமாக்காரன் ஒருவனுக்கு விற்கிறான். ஸ்டுடியோவின் பின்னறையில்தான் தெல்மிரா குடியிருந்தாள். நான் எங்கே போவது என்று கேட்டதற்கு, உங்க அம்மா வீடு இருக்கே அண்ணி என்றான். அந்த அம்மா செத்து நாலு வருஷம் ஆகிறது, அடக்கத்துக்குக்கூட வராதவன் இவன்.

வீடு போகட்டும், கேமராக்கள் போகட்டும். இவன் சிரித்துக்கொண்டே விமானம் ஏறக் கூடாது, அது ஒன்றுதான் தெல்மிராவுக்கு வேண்டும்.

நோட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பவர் இன்றோடுதான் ரத்து, இதுவரை அந்தம்மா இதை வைத்துச் செய்ததெல்லாம் உங்களையே சேரும் என்று ரோமுலோவிடம் சொன்னார். அவன் காலை இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கடன் வாங்கினீர்களா, எதையாவது விற்றீர்களா, அடமானம் வைத்தீர்களா என்று அண்ணியைக் குடைந்தான். எல்லாவற்றுக்கும் அவள் இல்லை என்றாள்.

"நம்ம ஊர்க் கோயில்ல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டேன் தம்பி. அடுத்த வருஷ மாதா திருவிழாவுக்கு."

"அவ்வளவுதானா!" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளும் படம் பிடித்துத் தருவதாக வருஷா வருஷம் போடும் ஒப்பந்தம்தானே. "அதுல எனக்கு ஒண்ணும் வேணாம் அண்ணி. வர்றதை நீங்களே வச்சுக்குங்க."

"கோயில் புத்தகத்துல உங்க பேர்ல இருக்கு தம்பி."

"இருந்துட்டுப் போகட்டும். என் பேர் இருந்தாத்தானே உங்களுக்கும் ஒரு மரியாதை."

பெரிய மனசு! சாவிக்கொத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி நோட்டரியிடம் விடைபெற்றான். தெல்மிரா அவனுக்கு முன்பே படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழே வாசலை அடைத்துக்கொண்டு சாக்சபோன்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது என்று ரோமுலோ ஒதுங்கப் பார்த்தான். அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி நிறைய அவன் சொந்த ஊர் ஜனம் தெரிந்தது. முன்னால் அவன் அம்மா, புதுப் பாவாடையும் சால்வையுமாக, அழுகையும் சிரிப்புமாக.

ஊர்த் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மாதா உருவம் தைத்த பட்டுப் பட்டையை அவன் தோளில் குறுக்காகப் போட்டார். அடுத்த வருஷத் திருவிழா முழுவதையும் ரோமுலோ யாவ்ரி தன் உபயமாக ஏற்றுக்கொண்டதாக, போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி பவர் பத்திரத்தைக் காட்டி மாதா முன்னால் கையெழுத்துப் போட்டதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார். இரண்டு வாத்தியக் கோஷ்டி, ஆறு காளை, ஏழடுக்கு வாணவேடிக்கை, ஊர் மொத்தத்துக்கும் மூன்று நாள் சாப்பாடும் பீரும். அதுவரை மாதம் தவறாமல் உபயதாரர் பூசையில் முதல் வரிசையில் நிற்க வேண்டும்.

போன வருஷ உபயதாரர் திருவிழாச் செலவுக்காக இரண்டு வீட்டை விற்றவர். அவர் ஓடி வந்து ரோமுலோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

மாதா முன்னால் ஏற்றுக்கொண்டுவிட்டுப் பின்வாங்கியவன் வீட்டில் அந்த ஊரில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்த வீட்டில் யாராவது செத்தால் சவம் தூக்க நாலு பேர் வர மாட்டார்கள். ஊரில் தனியாக இருக்கிறவள் அவன் அம்மா.

"அம்மா, ஞாயித்துக்கிழமை எனக்கு..." என்று ரோமுலோ ஆரம்பித்தான். அவள் காதில் எங்கே விழுந்தது? மகன் கையைப் பிடித்து முத்தமிட்டு, என் வயிற்றில் பால் வார்த்தாயடா என்று விம்மினாள்.

முகம் வெளுத்துப்போய் அவன் அண்ணியைத் தேடினான். அவள் கூட்டத்துக்கு முன்னால், புருஷனின் பழைய கேமராவைத் தோளில் ஏற்றி, அவன் முகத்தையே படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னா இதைப் பாத்துச் சொல்லுங்க தம்பி."