பதினேழாம் நம்பரின் நடை

பதினேழாம் நம்பர் நகரவில்லை.

தடுப்புப் பலகைகளுக்கு முன்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. பத்து நாளைக்கு முன்னால் இதே செம்மறி, இதே ஏழு பலகைகளையும் வளைந்து வளைந்து கடந்திருந்தது. அந்த வீடியோவைப் பார்த்து ஆய்வகமே கைதட்டியது. இந்தச் சிகிச்சையை உருவாக்கிய அவன் மட்டும் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

இன்று லேசாகத் தள்ளிவிட்டான்.

முதல் பலகையிலேயே முட்டிக்கொண்டது.

பிறக்கும்போதே ஒரு மரபணு பழுதான ஆடுகள் இவை. முதலில் பார்வை போகும். பிறகு மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடும். பழுதில்லாத மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி, மூன்று ஆடுகளின் மூளைக்குள் ஊசியால் செலுத்தியிருந்தான். பல்லைப் பிடுங்கிய வைரஸ். சுமை தூக்குவதைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது.

எலிகளிடம் அது ஜோராக வேலை செய்தது. செய்யாமல் என்ன, எலி மூளை ஒரு வேர்க்கடலை அளவுதானே. ஆட்டு மூளை உள்ளங்கை நிறைய இருக்கும். ஊசி இறங்கிய இடத்தைத் தாண்டி வைரஸ் பரவுமா என்பதுதான் அவனுடைய தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

இரண்டு ஆடுகளில் பரவவில்லை. அவை முட்டிய முட்டிலேயே தெரிந்துவிட்டது.

பதினேழு மட்டும் நடந்தது.

ஒன்று போதும் என்று நினைத்தான். ஒரே ஒரு ஆடு போதும்.

அவன் மகள் ஜெனிட்டாவுக்கும் அதே மரபணுதான் பழுது. ஆறு வயது.

இந்த வைரஸைக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்க்க ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பார்வை மிச்சமிருக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே இடம். போன வாரம் அவள் பெயரை எழுதிக்கொடுத்தான். எவ்வளவு தெரிகிறது என்ற கேள்விக்கு எதிரே, ‘தினமும் மாலை நான் வந்து நின்றதும் நேரே என்னிடம் ஓடி வருகிறாள்’ என்று எழுதினான். நம்பித்தான் எழுதினான். பெற்றவனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆடுகளைப் பராமரிக்கும் செவத்தையா அகத்திக்கீரைக் கட்டோடு உள்ளே வந்தார். ஆடு நின்ற நிலையைப் பார்த்தார். கட்டை அப்படியே போட்டுவிட்டு, பலகைகளின் மறுகோடிக்குப் போய் நாக்கைத் தட்டினார்.

ட்டக். ட்டக்.

ஆடு காதை நிமிர்த்தியது. அவர் வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம். ஏழு பலகைகள். ஒரு தடுமாற்றமும் இல்லை.

அவன் செவத்தையாவின் பக்கம் திரும்பினான்.

“அன்னைக்கும் இப்படித்தான் நின்னீங்களா?”

“ஆமா சார். தாய் சேக்காத குட்டி. நாந்தான புட்டிப்பால் குடுத்து வளத்தேன். முட்டிக்கிட்டா மனசு கேக்குமா?”

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. தலைக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்தான். பலகைகளை மட்டும், அதுவும் சத்தமில்லாமல் படம் பிடிக்கும் கேமரா. சத்தம் எதற்கு என்று சொன்னவனே அவன்தான்.

செவத்தையா ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாலையில் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்தினான். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

தினமும் கேட்டுக்கு அருகில் நின்று சாவிக்கொத்தை ஆட்டுவான். அப்பாவுக்கும் மகளுக்கும் அது ஒரு விளையாட்டு. இன்று கொத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தான்.

கேட் திறந்தே கிடந்தது. ஜெனிட்டா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாலைந்து எட்டுத் தூரம்தான். முகம் அவனைப் பார்த்தபடியே இருந்தது.

கையை அசைத்தான்.

சிரித்தான்.

சத்தமில்லாமல் இன்னும் ஓர் எட்டு வைத்தான்.

அவள் வீட்டுக்குள் திரும்பிக் கேட்டாள்.

“அம்மா, அப்பா இன்னும் வரலியா?”

சாவியின் பற்கள் உள்ளங்கையில் அழுந்தின. பயமாக இருந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

பிறகு விரல்களைத் தளர்த்தி, கொத்தை ஆட்டினான்.

அவள் துள்ளி எழுந்தாள். பூந்தொட்டியைச் சுற்றி, சாய்ந்து கிடந்த சைக்கிளைத் தாண்டி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஓடி வந்தாள்.