விளிம்புத் தையல்

"கையுறையைக் கழற்றினே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் அம்மா.

குதிரை வண்டிக்குள் அம்மாவும் இரண்டு பெண்களும். மூன்று பேரும் போட்டிருந்த பட்டு கவுன்களைத் தைத்தவள் அம்மாதான்; ஊர்ச் சீமாட்டிகளுக்குத் தைத்துக் கொடுத்துத்தான் பிழைப்பு. ஆனால் விருந்துக்கு அழைத்திருந்த கேப்டன் வீட்டாருக்கு அவர்கள் காலமான ஒரு கப்பல் வியாபாரியின் குடும்பம். அப்படித்தான் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர். ஊசி குத்திக் காய்த்த விரலை எதற்கு ஒளிக்கணும், திருடினோமா, கொள்ளையடித்தோமா என்று வழியெல்லாம் வாதாடினாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

"உழைக்கிறதுல என்னம்மா கேவலம்? உனக்கு உன்னைப் பார்த்தாலே வெட்கம்."

"அங்கே யாராவது உன்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டா என்னம்மா பண்றது?" என்று தங்கை கவலைப்பட்டாள்.

"மண்டிபோட்டு அளவெடுக்கிறவ மூஞ்சியை எவடி பார்த்தா?" அம்மா மூத்தவளின் தோளில் சுருங்கியிருந்த மடிப்பை நீவிவிட்டாள். "என் தலைக்கு மேலயேதான் பேசிப்பாங்க. உங்க ரெண்டு பேரையாவது முகம் பார்த்துப் பேசணும். அவ்வளவுதான் என் ஆசை."

வக்கீலின் கோபம் மாளிகை வாசலோடு சரி. படியில் கேப்டன் நின்றிருந்தான். பூங்காவில் பார்த்த நாளிலிருந்து அவள் தூக்கத்தைக் கெடுத்தவன். முதல் நடனம் தனக்குத்தான் என்றான். ஆடி முடித்ததும் அவள் அம்மாவிடம் ஒரு விஷயம் பேசணும் என்றான். என்ன விஷயம் என்று கேட்கத் தேவையே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கேப்டனின் தாய் அந்தப் பக்கம் வந்தாள். கவுனின் விளிம்பில் தையல் விட்டுத் தரையில் இழுபட்டது. இன்னும் ஓரடி வைத்தால் தடுக்கி விழுவாள்.

அம்மா யோசிக்கவே இல்லை. பழக்கதோஷம். சட்டென்று மண்டியிட்டாள். கழுத்துப்பட்டியின் உட்புறம் செருகியிருந்த நூல் கோத்த ஊசி கைக்கு வந்தது. நாலு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்தச் சீமாட்டி குனிந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் பேசிக்கொண்டே நகர்ந்தாள். மற்றவர்கள் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யார் அவங்க? உங்ககூட வண்டியில வந்தாங்களே?" என்றான் கேப்டன். கேலி இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டான்.

வயலின்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தன. அவன் கை நீண்டிருந்தது. 'எங்கம்மா' என்ற ஒரே வார்த்தை. அவள் உதடு வரைக்கும் வந்துவிட்டது.

"எங்க தையல்காரி," என்றாள் வக்கீல். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வரல."

தங்கை திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தாள்.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. மகளின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமாங்கய்யா, தையல்காரிதான்," என்றவள், மகள் பக்கம் திரும்பி வேலைக்காரிபோலக் குரலைத் தணித்தாள்.

"உங்கம்மா உங்களைக் கவலைப்படாம ஆடச் சொன்னாங்க, சின்னம்மா."