முதல் துண்டு

ஓசூர் கொரியன் ஹோட்டலில், மேசை நடுவே எரிந்த அடுப்பில் டெல்பின் இடுக்கியால் கறியைத் திருப்பிப் போட்டாள்.

"டெல்பின், எனக்கு இன்னொரு துண்டு!" என்றான் பிரதாப்.

"கருக விட்றாத," என்றாள் சுப்ரியா.

கம்பெனி நண்பர்கள் எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு சர்வர் கேக்கோடு வந்தார். "யாருக்குங்க ஃபேர்வெல்?"

எல்லாரும் இடுக்கி பிடித்திருந்தவளைக் காட்டினார்கள். அவள் தட்டு மட்டும் துடைத்து வைத்தபடியே இருந்தது.

"அடியே, நீ ஒண்ணுமே சாப்பிடலயா?" என்றாள் சுப்ரியா.

"தவக்காலம்டி. வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டேன். நீங்க ஆசையா கூப்பிட்டீங்க, எப்படி வேணாம்னு சொல்றது?"

முந்தாநாள் அவள் நெற்றியில் சாம்பல் சிலுவையைப் பார்த்து, "சாமியாரா ஆயிட்டியா?" என்று சிரித்தது பிரதாப்புக்கு நினைவு வந்தது.

டெல்பின் கேக்கை வெட்டி, முதல் துண்டை அவனிடமே நீட்டினாள்.