மோஸ்டின் விட்டுக்கொடுத்த ஆட்டம்

மோஸ்டினைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, அவன் நீட்டிய கையை எம்லின் தொடவில்லை.

டார்ட்ஸ் என்ற அம்பெறி ஆட்டத்தில் தோற்றவனே கை குலுக்காமல் போகமாட்டான். அன்று ஜெயித்தவன் எம்லின்.

கருங்குதிரை பப்பில் நடந்த தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம் அது. ஜெயிப்பவனுக்கு அடுத்த மாதம் பிளாக்பூலில், தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோத ஓர் இடம். மோஸ்டின் ஜெயிக்க இரட்டைப் பதினாறு போதும். பலகையின் விளிம்பில் விரல் அகலத்துக்கும் குறைவான கட்டம். அரட்டை அடித்துக்கொண்டே அதில் குத்துகிறவன் அவன். அன்று மூன்று அம்பும் வெளியே போயின. அடுத்து வந்த எம்லின் ஆட்டத்தை முடித்துவிட்டான்.

"வேணும்னே விட்டே."

"என்னடா உளர்றே?"

"பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், பாவம்னு விட்டுட்டே. ஒரு வருஷமா ஊரே எனக்குப் பாவம் பாக்குது. நீயுமா? உன் பிச்சை எனக்கு வேண்டாம்."

கோட்டை எடுத்துக்கொண்டு எம்லின் வெளியேறினான்.

அந்த வாரமே மோஸ்டின் தூக்கத்தில் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் மோஸ்டின் வீட்டு முன்னறையில் சாண்ட்விச்சும் தேநீருமாக உட்கார்ந்திருந்தார்கள். பப் நடத்தும் கெரைன்ட் எம்லினைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு நீ கோவிச்சுட்டுப் போனப்புறம் அவனைக் கேட்டோம், 'விட்டுக்கொடுத்தியாப்பா'ன்னு. ஒரு வார்த்தை பேசலை. சும்மா சிரிச்சான். ஆளாளுக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்தோம். அப்பேர்ப்பட்ட மனசு."

கல்லறையில் போதகரும் இதையேதான் உருக்கமாகச் சொல்லியிருந்தார்.

"நான் பிளாக்பூல் போகலை" என்றான் எம்லின். "அது என் இடமில்லை."

"அவன் கையை உதறினே. இப்ப அவன் கொடுத்ததையும் உதறப்போறியா? நீயெல்லாம் ஒரு சிநேகிதனா?"

எம்லின் தலையைக் குனிந்துகொண்டான்.

தேநீர் ஊற்ற வந்த மோஸ்டினின் மனைவி நெரிஸ் காதில் இது விழுந்தது.

"எம்லின், கொஞ்சம் உள்ளே வா."

சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கதவின் உட்புறம், முகத்துக்கு நேரே, மூன்று துளைகள். ஒவ்வொன்றும் ஒரு நக நீள ஆழம்.

"என்ன இது?"

"உன் சிநேகிதரோட பெரிய மனசு."

அவன் விழித்தான்.

"அன்னைக்கு வந்தவர் தொப்பியைக்கூடக் கழட்டலை. 'போயும் போயும் எம்லின்கிட்ட தோத்துட்டேன்டி'ன்னு கத்திக்கிட்டே மூணு அம்பையும் எறிஞ்சாரு. ஒண்ணைப் பிடுங்க இடுக்கி வேண்டியிருந்தது. விடிய விடியப் புலம்பல். பிளாக்பூலுக்குப் போடப் புதுச் சட்டைகூட வாங்கி வச்சிருந்தாரு, அந்த மனுஷன்."

"அப்ப பப்புல சிரிச்சது?"

"ஓசி பியரை யாரு வேண்டாம்பாங்க?"

எம்லின் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நெரிஸ், அப்ப நான் நிஜமாவே ஜெயிச்சேனா?"

"சுத்தமா ஜெயிச்சே. அதைத்தான் அவரால தாங்க முடியலை."

எம்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துக்க வீடாயிற்றே என்று வாயைப் பொத்தினான். நெரிஸைப் பார்த்தால் அவள் ஏற்கெனவே துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னறைக்கு வந்தபோது, அழுதுவிட்டு வருகிறான் என்று நினைத்து எல்லாரும் வழிவிட்டார்கள்.

"என்னப்பா, பிளாக்பூல் போறியா?" என்றான் கெரைன்ட்.

"போறேன்."

"அவன் விட்டுக்கொடுத்த இடம். மறந்துடாதே."

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். எம்லின் வாயைத் திறந்தான்.

"மறப்பேனா? அவனோட மனசு யாருக்கு வரும்."

உள்ளே நெரிஸ் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

துளைகள் இன்னும் இருக்கின்றன. முன்னறையிலிருந்து பார்த்தால் தெரியாது.