வாசலைப் பார்த்த பேனல்

சங்கிலியின் மூன்று ஏக்கரைச் சுற்றி நாலு பக்கமும் சோலார் பேனல்கள். அந்தப் பக்கத்தில் நிலத்தை விற்காதவர் அவர் ஒருவர்தான். காலையில் பேனல்கள் எல்லாம் கிழக்கே பார்க்கும், வெயில் சாயச் சாய மேற்கே திரும்பும். வேலியோரம் நின்ற ஒன்று மட்டும் பொழுதெல்லாம் அவர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கவனித்தார். நான்காம் நாள் உச்சிவெயிலில் உரச்சாக்கை எடுத்துப்போய் அதன் முகத்தை மூடிக் கட்டினார்.

கால்மணி நேரத்தில் சோலார் கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினான்.

“மோட்டார் மக்கர் பண்ணுது, அண்ணாச்சி. அதுக்குப் போயி சாக்கைக் கட்டுவாங்களா?”

“நான் கட்டுனது ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவன் செல்போனை நீட்டினான். திரை முழுக்க, பேனலுக்கு ஒன்றாக, நீலக் கட்டங்கள். சாக்கு கட்டியது மட்டும் சிவந்திருந்தது. சங்கிலி விரலை வைத்துத் தன் வீட்டைத் தேடினார். வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்நீலக் கட்டங்கள் இருந்தன. கிணற்றின் மேலும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தது.

“எம் வீடு எங்கடே?”

“இது வேற படம், அண்ணாச்சி.” போனை வெடுக்கென்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

சங்கிலி வீட்டுக்கு வந்தார். படத்தைப் பற்றி மூச்சு விடாமல் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி பேச்சித்தாய் சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“கம்பெனிக்காரங்ககிட்ட கெணத்த மட்டும் விட்டுறச் சொல்லியிருக்கேன்.”